மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குருவி

ரம்ஜான் பெருநாளுக்குள் ஆசிஃப் ஒரு போட்டோ எடுத்தாக வேண்டும். ஒன்றே ஒன்று போதும். ஆனால் அது தி. நகரில் அவன் அத்தா வைத்திருக்கும் ஸ்டுடியோவின் சுவரில் மாட்டும்படி இருக்க வேண்டும். கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் ஆல்பத்தை மடியில் போட்டுவிட்டு அதைப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டால் ஆசிஃப் தன் இஷ்டத்துக்குப் பறவைகளின் பின்னால் போகலாம். இல்லையென்றால் பெருநாள் முடிந்த கையோடு கல்யாணங்களுக்கு இரண்டாவது கேமராமேனாகப் போக வேண்டும். முதல் கேமராமேன் மேடையை எடுப்பார். இரண்டாவது கேமராமேன் பந்தியை எடுப்பார். வாயில் பிரியாணியோடு திடுக்கிட்டு நிமிர்கிற பெரியப்பாக்கள்தான் அவருடைய வனவிலங்குகள்.

அதுவரை அந்த வேலையைப் பார்த்துவந்த யாசிருக்குக் கத்தாரில் வேலை கிடைத்துவிட்டது. அதனால்தான் இந்த நிபந்தனை. ஆசிஃபின் அத்தா ஷரஃபுதீன் அங்கிள் அதை விதித்த சாயங்காலம் நானும் கடையில் இருந்தேன். ஆசிஃப் லேப்டாப்பில் தன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்ட, அங்கிள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது இன்னாது?"

"மைனா அத்தா."

"இது?"

"இதுவும் மைனாதான். ஆனா லைட்டு எப்டி உயுந்திருக்கு பாருங்க."

"லைட்ட எவன் பாப்பான்? காக்கா, பொறா, மைனா, அணிலு... எல்லாம் நம்ம மொட்ட மாடியிலயே கீதுடா. ஓசியில பாக்கிறத எவன் நின்னு பாப்பான்? வந்தவன் நிக்கணும். நிக்க வெச்சி காட்டு, நான் வாயே தொறக்கல. பெருநாள் வரைக்கும் டைம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லேன்பா" என்றார். நானும் ஆசிஃபும் நந்தனம் கல்லூரியில் மூன்றாம் வருடம் பொருளாதாரம் படிக்கிறோம். தேவை, அளிப்பு பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். மைனாவுக்குச் சந்தையில் தேவை இல்லை என்று சொன்னேன். ஆசிஃப் அன்று அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் பேசினான். எங்கள் வீட்டுக்கு அசைன்மென்ட் காப்பியடிக்க வந்தவன், கை கழுவப் பின்பக்கம் போனான். மயிலாப்பூரில் இன்னும் கொஞ்சம் மண் மிச்சமிருக்கிற வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. ஒரு கிணறு, ஒரு மாமரம், ஒரு வேம்பு, துவைக்கிற கல், மாமரத்தின் அடியில் வருஷக்கணக்கான சருகு. தோட்டம் என்று அம்மா சொல்வாள். அதில் எதையும் யாரும் நட்டதாக நினைவில்லை.

"மச்சி, அசையாத" என்று ஆசிஃப் கிசுகிசுத்தான்.

நான் அசையவில்லை. பொதுவாகவே நான் அதிகம் அசைகிறவன் இல்லை.

சருகுக்குள் ஏதோ புரண்டது. வாலே இல்லாதது போன்ற ஒரு குட்டைக் குருவி வெளியே வந்து நின்றது. முதுகு பச்சை, இறக்கையில் ஒரு கீற்று நீலம், வயிறு மஞ்சள், வால் அடியில் ரத்தச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. பெருநாள் துணி எடுக்க வந்த குடும்பம் மொத்தமும் ஆளுக்கொரு கலர் கேட்டு, யாரையும் மறுக்க முடியாமல் எல்லாவற்றையும் வாங்கிய மாதிரி. அது எங்களைப் பார்த்தது. ஒரு இலையைப் புரட்டியது. அடியில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது, அதிருப்தியோடு சருகுக்குள் திரும்பிப் போய்விட்டது.

ஆசிஃபின் கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

"ஆறுமணிக் குருவி மச்சி" என்றான். "வடக்க மலையடிவாரத்துலேர்ந்து குளிர் காலத்துக்கு இங்க வரும். வெயில் ஏறுச்சின்னா கெளம்பிடும். காலைல ஆறு மணிக்கு ஒரு வாட்டி, சாய்ந்திரம் ஆறு மணிக்கு ஒரு வாட்டி கத்தும். மத்த நேரம் இருக்கிற எடமே தெரியாது."

எங்கள் வீட்டில் இருக்கிற இடம் தெரியாத உயிர் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் நோன்பு மாசியின் கடைசியில் தொடங்கிப் பங்குனிக்குள் ஓடியது. நோன்பு மாதத்தில் அவர்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஸ்டுடியோவின் நல்ல கேமராவும் பெரிய லென்ஸும் பீரோவில் சும்மா தூங்கின. கடைசி வரிசையில் நின்றுகொண்டு மேடையில் இருக்கிற மணப்பெண்ணின் மூக்குத்தியைப் பிடிக்கிற லென்ஸ் அது. நோன்பு வைக்கச் சஹர் சாப்பிட்டுவிட்டு, தொழுதுவிட்டு, விடிவதற்குள் ஆசிஃப் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்கதவைத் தட்ட ஆரம்பித்தான். பால் பாக்கெட்டுக்கு முன்னால் அவன் வந்தான்.

மறைந்து உட்கார ஒரு கூடாரம் வேண்டும் என்றான். ஸ்டுடியோவில் ஆள் உயரத்துக்குப் பின்திரை ஒன்று உண்டு: பனி மலை, நீல ஏரி, ஏரியில் ஒரு படகு. அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டால் ஸ்விட்சர்லாந்து போய்வந்த மாதிரி. பின்புறம் வெறும் சாம்பல் நிறம். மாமரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் நடுவில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டோம். குருவி பயந்துவிடக் கூடாது என்று, லென்ஸுக்கு மட்டும் ஓரத்தில் இடம் விட்டு, சாம்பல் பக்கத்தை வெளியே வைத்தோம். ஆகவே ஸ்விட்சர்லாந்து எங்கள் பக்கம் வந்தது. விடியலில் எங்கள் முகத்துக்கு நேரே பனி மலை நீலமாகத் தெரிய ஆரம்பிக்கும். வேப்பிலை பழுத்து ஏரியின் மேல் விழுந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். மாம்பூ வாசனை வரும். எங்கோ ஒரு குயில் ஒரே கேள்வியை உயரம் கூட்டிக் கூட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். நான் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்தபடி தூங்கினேன். கனவிலும் அதே ஏரிதான் வந்தது. அதனால் எப்போது விழித்தேன் என்பது எனக்கே சரியாகத் தெரியாது.

சாயங்காலங்களில் ஆசிஃபுக்கும் அப்படி ஆகிவிடும். நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத கண்ணோடு திரையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"மச்சி, படகு நவுருது."

"காத்துடா."

"இல்ல மச்சி. மொதல்ல மலைக்கு இந்தாண்ட இருந்துச்சி."

அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஆட்சேபம். சருகைப் பெருக்கக் கூடாது என்று ஆசிஃப் சொல்லிவிட்டான். அதற்குள்தான் அது புழு தேடும்.

"ஏண்டா, ஆத்துப் பின்னாடி குப்பையைச் சேத்து வெச்சுண்டு அதுக்கு ஒரு காவலா? யாராவது பாத்தா என்ன நெனச்சுப்பா?"

"காடு மாதிரி இருக்கணும் ஆன்ட்டி. ஒரு மாசம்தான்" என்று ஆசிஃப் கெஞ்சினான்.

அம்மா ஆசிஃபின் முகத்தைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். அன்று சாயங்காலம் முதல் நோன்பு திறக்க அவனுக்கு ஒரு டம்ளர் பானகமும் வைக்க ஆரம்பித்தாள். பேரீச்சம்பழம் அவனே கொண்டுவருவான். பள்ளிவாசல் கஞ்சியை மட்டும் கொண்டுவர மாட்டான். "கறி போட்டிருப்பாங்க ஆன்ட்டி, உங்க வீட்ல வேணாம்" என்பான்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டன. செம்போத்து ஒன்று மதிலில் வருமான வரி அதிகாரி போல நடந்தது. நாங்கள் தேடியது மட்டும் வரவில்லை. ஆறு மணிக்குக் கத்தவும் இல்லை.

அப்போதுதான் ஆசிஃப் ஒரு காரியம் செய்தான். அந்தக் குருவியின் குரலைப் போனில் இறக்கி, சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் ஏற்றி, மாமரக் கிளையின் கவட்டில் வைத்தான். தன் இடத்தில் வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து நிஜக் குருவி எட்டிப் பார்க்குமாம்.

"இப்டிப் பண்ணலாமாடா?"

"பண்ணக் கூடாதுன்னுதான் நம்ம பறவை குரூப்ல போட்டிருக்கான். பறவைக்கு டென்ஷனாம். எனக்கு மட்டும் இல்லியா? பந்தியில நிக்கப் போறது அவனா, நானா?"

போனைத் தட்டினான். வீ... ட்யூ. இரண்டே சுரம். மேலே ஒன்று, கீழே ஒன்று. மாமரம் சும்மா இருந்தது. குயில்கூட நிறுத்திவிட்டது.

மறுபடி தட்டினான். வீ... ட்யூ.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

வீ... ட்யூ.

ஆசிஃப் என் தொடையைப் பிடித்த பிடியில் மூன்று நாள் தழும்பு இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வாழ்க்கை மாறிவிட்டது. நாங்கள் போட்டால் அது பதில் தந்தது. இரண்டு முறை போட்டால் இரண்டு முறை. சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் தந்தது. காலையில் தந்தது. ஒருநாள் கல்லூரி விடுமுறை என்று பதினோரு மணிக்குப் போட்டுப் பார்த்தோம், அப்போதும் தந்தது.

"ஆறு மணிக் குருவிதானே?" என்று கேட்டேன்.

"வசந்தம் வந்துட்டா அதுக்கு மணி தெரியாது மச்சி" என்றான். அவன் குரலில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து நான் மேலே கேட்கவில்லை. வசந்தத்தில் மணி தெரியாதவர்கள் எங்கள் வகுப்பிலேயே நிறையப் பேர்.

மதிலை ஒட்டி லென்ஸைத் திருப்பிவைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு நாள் அது மதிலைத் தாண்டி வந்தே தீரும் என்றான் ஆசிஃப். அது வரவில்லை. ஆனால் எவ்வளவு இனிமையாகப் பதில் சொன்னது! ஸ்பீக்கரில் இருந்த குரல் கொஞ்சம் கரகரப்பு. பதில் சுத்தமாக இருந்தது. நீல வெளிச்சத்தில், பனி மலையின் அடியில், அந்த இரண்டு சுரமும் ஏரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுபோன ஆசிஃப், அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பானகம் ஆறிப்போகும் பொருளாக இருந்தால் ஆறியிருக்கும்.

பெருநாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது, ஒரு காலையில் அம்மா சமையலறைப் பின்வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் போனைத் தட்டினோம். பதில் வந்தது. அம்மா கத்தியை நிறுத்தித் தலையை ஆட்டினாள்.

"ஆஹா. எறங்கற எடத்துல ஒரு அசைப்புக் குடுத்துட்டு நிக்கறது பார். நல்ல சுருதி."

"குருவிக்கு என்னம்மா அசைப்பு?"

"குருவியா? சாருன்னா அது."

ஆசிஃப் ஸ்விட்சர்லாந்திலிருந்து மெதுவாகத் தலையை வெளியே நீட்டினான்.

"எந்த சாரு ஆன்ட்டி?"

"பக்கத்தாத்துச் சாருலதா. பாட்டுக் க்ளாஸ் எடுக்கறாளே. அவ குரல் எனக்குத் தெரியாதா? நீங்க போன்ல அடிக்கறேள், அவ வாயால விசில் அடிக்கறா. ரொம்ப நாளா நடக்கறதே. ஏதோ விளையாடறேள்னு இருந்தேன்."

"சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க கேக்கலியே."

ஆசிஃப் நேரே போய்த் துவைக்கிற கல்லின் மேல் ஏறினான். நானும் ஏறினேன். மதிலுக்கு மேல் இரண்டு தலைகள்.

அந்தப் பக்கம், கொல்லைப் படியில் சாருலதா அக்கா உட்கார்ந்திருந்தார். முன்னால் ஸ்டூல், ஸ்டூலின் மேல் லேப்டாப், லேப்டாப் நிறைய எடிசன் என்கிற அமெரிக்க ஊரின் குழந்தைகள். அங்கே அது சாயங்கால வகுப்பு. அக்கா கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, இரண்டாவது பதிலுக்குத் தயாராக இருந்தார்.

வீ... ட்யூ.

"அக்கா" என்றான் ஆசிஃப். அழுதுவிடுவான் போலிருந்தது.

கண்ணைத் திறந்தவர் எங்களைப் பார்த்தார். ஆசிஃபின் கையில் இருந்த போனைப் பார்த்தார். குவித்த உதட்டைப் பிரிக்க மறந்துவிட்டார்.

"நீங்களா? அய்யய்யோ, நான் அதுன்னு நெனச்சிண்டிருக்கேண்டா!"

"நாங்களும் அதுன்னுதான் அக்கா நெனச்சோம்."

"நெனச்சிண்டு..." அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "தெனம் நான் விசில் அடிச்சா அது பதில் சொல்றதுன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். இந்தக் குழந்தைகள் அதுக்குப் பேரே வெச்சாச்சு."

"என்ன பேரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"ஸ்டீவ்."

லேப்டாப்பிலிருந்து ஒரு குழந்தை, "மிஸ், ஸ்டீவ் போயிட்டானா?" என்று கேட்டது. அக்கா மைக்கை அணைத்தார்.

ஆசிஃப், என்ன இருந்தாலும் நல்ல வளர்ப்பு, "ஒரிஜினல விட நீங்க அடிக்கிறது சூப்பரா கீது அக்கா" என்றான்.

"சும்மா இருடா" என்றார் அக்கா. ஆனால் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கல்லிலிருந்து இறங்கி ஆசிஃப் சருகின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தான். இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதோட நெலமைய யோசி மச்சி. நெஜக் குருவி ஒண்ணு கீது இல்ல? இந்தாண்டயும் ஒருத்தன் கத்தறான், அந்தாண்டயும் ஒருத்தி கத்தறா. ரெண்டு பேட்டை ரௌடிக்கு நடுவுல மாட்டுன மாதிரி பொத்திக்கினு இருந்திருக்கும். இல்லன்னா ஊரக் காலி பண்ணியிருக்கும். அவசரப்பட்டுட்டேன்."

ஸ்பீக்கரை மரத்திலிருந்து இறக்கினான். மதிலின் இரண்டு பக்கமும் ஒப்பந்தம் ஆயிற்று. பெருநாள் வரை யாரும் விசில் அடிப்பதில்லை, யாரும் போனைத் தட்டுவதில்லை. எடிசன் குழந்தைகளுக்கு ஸ்டீவ் லீவில் இருப்பதாகச் சொல்லப்பட்டது.

பிறகு ஒரே அமைதி. அந்த நாட்களில் மாமரத்தடி எவ்வளவு நிதானமாக இருந்தது என்று அப்போதுதான் கவனித்தேன். இலை விழுவது ஒரு தனிச் சத்தம், அது தரையைத் தொடுவது இன்னொரு சத்தம். வேம்பு ஒரு பக்கம் உதிர்ந்துகொண்டே இன்னொரு பக்கம் செம்பு நிறத்தில் துளிர்விட்டுக்கொண்டிருந்தது. வெயில் கிணற்றின் உள்சுவரில் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, மாமரத்தின் அடி இலைகளில் நெளிந்தது. ஆசிஃப் வந்தான், உட்கார்ந்தான், போனான். நோன்பின் கடைசி நாட்கள் அவன் முகத்தை மெழுகு மாதிரி ஆக்கியிருந்தன. அந்தப் போட்டோவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான். ஒருமுறை மட்டும், "பந்தியில ஸ்வீட்டு மொதல்ல வெப்பாங்களா, கடசீலயா மச்சி?" என்று கேட்டான். அவன் தயாராகிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது.

பிறை தெரியலாம் என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கிற அந்தச் சாயங்காலம் வந்தது. தெரிந்தால் மறுநாள் பெருநாள். பெருநாளன்று புதுத்துணியோடு குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ள ஸ்டுடியோவுக்கு வருவார்கள், ஸ்விட்சர்லாந்து இல்லாமல் முடியாது என்று அங்கிள் முந்தின நாளே போன் செய்துவிட்டார். ஆகவே திரையை மடித்துப் பையில் போட்டுவிட்டோம். மறைவு எதுவும் இல்லாமல் வெட்டவெளியில் உட்கார்ந்தோம். அவன் மாமரத்தடியில் கால் மடித்து. நான் துவைக்கிற கல்லின் மேல், அவனுக்கு எதிரே.

வெளிச்சம் தேன் மாதிரி கெட்டியாகி, பிறகு சாம்பலாகத் தொடங்கியது. ஆசிஃப் கேமராவில் எதையெதையோ திருகிக்கொண்டே இருந்தான். வெளிச்சம் ஒரு படி இறங்க, அவன் ஒரு திருகு. தூரத்தில் பாங்கு கேட்டது.

"புடி மச்சி, ஒரு நிமிஷம்" என்று எழுந்து வந்து கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய் பானகம். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது.

அவனுக்கும் எனக்கும் நடுவில் சருகு நகர்ந்தது.

முதலில் ஓணான் என்று நினைத்தேன். பிறகு ஒரு இலை தானாகவே புரண்டது. அந்த இலையின் அடியிலிருந்து எல்லா நிறங்களும் எழுந்து நின்றன. நாங்கள் அங்கே இல்லாதது போல அது இரண்டு தத்துத் தத்தியது. தொட்டில் ஆட்டுவது போல வாலை மேலும் கீழும் ஆட்டியது. எனக்குக் கை இருக்கிறது என்ற ஞாபகமே இல்லை. கேமரா எப்படிக் கண்ணுக்கு வந்தது என்று தெரியவில்லை. சின்னச் சதுரத்துக்குள் அது நின்றது. அதன் பின்னால், கலங்கலாக, இரண்டு கைகள் விரிந்திருந்தன, அது பறந்து வந்து உட்காரட்டும் என்று யாரோ நெடுநாளாக நீட்டி வைத்திருந்த மாதிரி.

அது தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அலகைத் திறந்தது.

வீ... ட்யூ.

அமுக்கினேன்.

"சாரு அக்கா!" என்றான் ஆசிஃப், கண்ணைத் திறக்காமலே, பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னிக்கு ஒரு நாளு சும்மா இருக்க மாட்டாங்களா?"

நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவன் துஆவை முடித்து, கைகளை முகத்தில் தடவி, கண்ணைத் திறந்தபோது சருகு சருகாகவே இருந்தது.

"இன்னாடா பேயறஞ்ச மாதிரி பாக்கற?"

கேமராவைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அதன் பின்பக்கத் திரையைப் பார்த்தான். இருட்டத் தொடங்கியிருந்ததால் அந்தச் சின்ன வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. பச்சையும் மஞ்சளுமாக இருந்தது முகம். மொட்டை மாடிகளில் யாரோ கத்தினார்கள். பிறை தெரிந்துவிட்டது.

அவன் வானத்தைப் பார்க்கவில்லை.

"இதத்தான்டா கேட்டுக்கினு இருந்தேன்."

"கிடைச்சிடுச்சே."

"கெடச்சிது. என் கண்ணு தொறந்திருக்கும்போது வரணும்னு சேத்துக் கேட்டிருக்கணும்."

பெருநாளன்று மத்தியானம் ஸ்டுடியோ அத்தர் வாசனையில் மிதந்தது. சரிகைச் சட்டைக் குழந்தைகள் பனி மலைக்கு முன்னால் வரிசையாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். ஆசிஃப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு மேசையில் வைத்தான். உள்ளே போவதற்கு முன் நான் அவனிடம் சொல்லிப் பார்த்தேன்: "டைமர் வெச்சு நீயே எடுத்தேன்னு சொல்லுடா. செட்டிங் எல்லாம் உன்னுதுதானே."

"பெருநாளும் அதுவுமா பொய் சொல்லச் சொல்றியா? போடா."

அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்தார். நிமிரவில்லை. பில் போட வந்த ஒருவர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இன்னா பாய் இது?" என்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, மச்சினி, மச்சினியின் குழந்தை. எல்லோரும் நின்றார்கள். ஸ்விட்சர்லாந்தில் நின்றிருந்த குடும்பமும் அங்கிருந்து இறங்கி வந்துவிட்டது.

அங்கிளின் விரல் படத்தில் குருவிக்குப் பின்னால் போய் நின்றது.

"இது யார் கை?"

"என்னுது அத்தா."

"அப்ப போட்டோ எடுத்தது யாரு?"

ஆசிஃப் என்னைக் காட்டினான். அங்கிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவசரமாக, "எல்லா செட்டிங்கும் அவன் வெச்சதுதான் அங்கிள். நான் அமுக்கினது மட்டும்தான்" என்றேன்.

"அமுக்க வேண்டிய நேரத்துல அமுக்கினல்ல? அதான்பா வேல." மகனிடம் திரும்பினார். "அந்நேரம் நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"துஆ கேட்டுக்கினு இருந்தேன்."

அங்கிள் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதில் திட்ட எதுவும் இல்லை என்று கண்டுபிடித்து மூடினார். படத்தை மறுபடியும் பார்த்தார். சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார். பிறகு தீர்ப்பு வந்தது.

"தம்பி, பந்திக்கு நீ வந்துடு. ஞாயித்துக்கெழமலேர்ந்து."

"நானா அங்கிள்? நான் சைவம்."

"இன்னும் நல்லதாப் போச்சி. யாசிரு பாதி நேரம் எலயில குந்திடுவான்."

"அப்ப நானு?" என்றான் ஆசிஃப்.

"நீ இன்னும் எடுக்கலியே. போய் எடு."

"வெயில் ஏறிடுச்சி அத்தா. கெளம்பிடும்."

"கெளம்பறதுக்குள்ள எடு. நீ இங்க நின்னுக்கினு எங்கிட்ட வாயாடுனா அது நிக்குமா?"

இப்படியாக நான் வேலைக்குப் போனேன். முதல் கல்யாணம் ராயப்பேட்டையில். மண்டபம் முழுக்க மல்லிகையும் மசாலாவும். சாயங்காலம், பெண் வருவதற்கு முந்தைய குழப்பத்தில், ஒரு கையில் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ஆசிஃப் ஒரு படம் அனுப்பியிருந்தான். எங்கள் வீட்டு மாமரத்தடி. முழுக்கச் சருகு. வெளிச்சம் கிட்டத்தட்டப் போய்விட்டிருந்தது.

அடியில், "தெரியுதா?" என்று கேட்டிருந்தான்.

இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு இலை. இன்னொரு இலை. இரண்டுக்கும் நடுவில் இருட்டு, அந்த இருட்டில் பச்சையாக இருக்கலாம் என்று தோன்றுகிற ஏதோ ஒன்று. இன்னும் பெரிதாக்கினேன். அது சதுரம் சதுரமாக உடைந்துபோயிற்று.

"தம்பி! பொண்ணு வருது, லைட்டத் தூக்கு!" என்று மேடையிலிருந்து அங்கிள் கத்தினார்.

"பாத்துட்டே இருக்கேன்" என்று ஆசிஃபுக்கு அடித்து அனுப்பிவிட்டு, லைட்டை வாசல் பக்கம் திருப்பினேன்.